சொன்னதும் கண்டதும்

அரசு மருத்துவமனை மெடிசின் வார்டில், அட்மிஷன் நாள் இரவு எழுதிய கேஸ் ஷீட்டுகளை மறுநாள் காலை ரவுண்ட்ஸில் புரட்டினால் ஒரே வரி திரும்பத் திரும்பக் கண்ணில் படும். ‘சிவிஎஸ்: எஸ்1 எஸ்2 பிளஸ். ஆர்எஸ்: என்விபிஎஸ் பிளஸ். வயிறு சாஃப்ட். சிஎன்எஸ்: என்எஃப்என்டி.’ இதயத்தின் இரு ஒலிகளும் கேட்கின்றன, மூச்சொலி இயல்பு, வயிறு மென்மை, நரம்பு மண்டலத்தில் குறிப்பிட்ட பழுது இல்லை என்று பொருள். சர்க்கரை நோயாளிக்கும் இதே வரி, மஞ்சள்காமாலைக்கும் இதே வரி, பக்கவாதத்துக்கு வந்தவருக்கு மட்டும் கடைசிச் சொல் மாறியிருக்கும். எழுதிய ஹவுஸ் சர்ஜன் பொய் சொல்லவில்லை. இரவெல்லாம் ஆள் மாற்றி ஆளாகச் சேர்த்திருப்பார். எல்லார் நெஞ்சிலும் ஸ்டெதஸ்கோப்பை வைத்துமிருப்பார். ஆனால் அவர் எதைத் தேடிப் பார்த்தார், எதைப் பார்க்காமல் விட்டார் என்பதை அந்த வரியைக் கொண்டு யாராலும் சொல்ல முடியாது.

பொது மருத்துவத்தில் பி.ஜி. முடித்து, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உதவிப் பேராசிரியராகத் தொடங்கி, யூனிட் சீஃபாக ஓய்வு பெற்றவள் நான். நோயாளிகளைப் பார்த்த அளவுக்கு மற்றவர்கள் எழுதிய குறிப்புகளையும் படித்திருக்கிறேன். கேஸ் ஷீட்டை நாம் சீஃபுக்காகவும் ஆடிட்டுக்காகவும் எழுதுவதாக இளம் மருத்துவர்கள் நினைக்கிறார்கள். அதன் உண்மையான வாசகர் வேறொருவர். நோயாளிக்கு இரவு இரண்டு மணிக்கு மூச்சுத் திணறும்போது ஓடி வருகிற, அவரை முன்பின் பார்த்திராத டூட்டி டாக்டர். அவருக்கு உடனே தெரிய வேண்டியவை இரண்டு. நோயாளி என்ன சொன்னார்? டாக்டர் என்ன கண்டார்? இரண்டும் ஒன்றோடொன்று கலக்காமல் இருக்க வேண்டும்.

இந்தப் பிரிவினைக்கு இன்று பல நாடுகளில் வழங்கும் வடிவத்தைத் தந்தவர் லாரன்ஸ் வீட் என்ற அமெரிக்க மருத்துவர். ஆய்வுக்கூடத்தில் பழகிவிட்டு வார்டுக்கு வந்தவர். ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் இருக்கும் ஒழுங்கு வார்டுக் குறிப்பில் ஏன் இல்லை என்பது அவரை உறுத்தியது. 1950களில் மெய்ன் மாநிலத்தின் பாங்கோர் நகர மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர்களை வைத்துத் தன் முறையைச் செய்து பார்த்தார். 1968இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் அதை விரிவாக எழுதினார். நோயாளியின் ஒவ்வொரு பிரச்சினைக்கும் ஓர் எண். அதன் கீழே நோயாளி சொல்வது, மருத்துவர் கண்டதும் அளந்ததும், அவற்றிலிருந்து எட்டும் முடிவு, அடுத்துச் செய்யப்போவது என்று நான்கு பகுதிகள். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘சோப்’ நோட் என்கிறார்கள். நம் கல்லூரிகளில் முதல்நாள் கேஸ் ஷீட் இன்னும் பழைய பிரிட்டிஷ் ஒழுங்கில்தான் போகிறது. தினசரிக் குறிப்பில் சோப் வந்துவிட்டது. எந்த வடிவமானாலும் முதல் இரண்டு பகுதிகள்தான் அடித்தளம். முடிவு தவறாக இருந்தால் மறுநாள் ரவுண்ட்ஸில் திருத்திவிடலாம். நேற்று மாலை கண்மணி எவ்வளவு விரிந்திருந்தது என்பதை இன்று போய் அளக்க முடியாது.

முதலில் நோயாளி சொல்வது. ஒரு லோடுமேன் ஓ.பி.க்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். “மூட்டையைத் தூக்கிட்டு நாலு படி ஏறினா நெஞ்சை இறுக்கிப் பிடிக்குது டாக்டரம்மா. எறக்கி வச்சுட்டு ஒக்காந்தா அஞ்சு நிமிசத்துல விட்டுருது. முன்னெல்லாம் சாயங்காலம்தான் வரும். இப்ப காலையில ரெண்டாவது மூட்டைக்கே வந்துருது.” இதை என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த மாணவர் சீட்டில் எழுதியது: ‘நெஞ்சுவலி, 3 வாரம்.’

அவர் எழுதியதில் தவறான சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் நோய் முழுவதும் விடுபட்டுப்போயிற்று. உழைத்தால் வருகிறது, உட்கார்ந்தால் போகிறது என்பதில் இதயத்துக்கு ரத்தம் போதவில்லை என்ற செய்தி இருக்கிறது. முன்பு மாலையில் வந்தது இப்போது காலையிலேயே வருகிறது என்பதில், நாளை மாரடைப்பாகலாம் என்ற எச்சரிக்கை இருக்கிறது. ஓய்வாகப் படுத்திருக்கும்போது எடுக்கும் இசிஜி இப்படிப்பட்டவருக்கு முற்றிலும் இயல்பாக இருக்கலாம். அவருக்கும் இயல்பாகத்தான் இருந்தது. வெறும் ‘நெஞ்சுவலி’யையும் நல்ல இசிஜியையும் சேர்த்துப் படிக்கும் அடுத்த டாக்டர், வாயு மாத்திரை கொடுத்து அவரைத் திரும்ப மூட்டைக்கே அனுப்பியிருப்பார். மாணவரைச் சீட்டை மறுபடி எழுதச் சொன்னேன். எத்தனையாவது மூட்டை, எத்தனை படி, எத்தனை நிமிடம் என்பதெல்லாம் வந்தன. அன்றே அவரைப் படுக்கையில் சேர்த்தோம்.

வலியைப் பற்றிக் கேட்க ‘சாக்ரடீஸ்’ என்று ஒரு நினைவுச் சூத்திரம் கற்றுத் தருகிறோம். எங்கே, எப்போது தொடங்கியது, எப்படிப்பட்ட வலி, எங்கே பரவுகிறது, கூட வேறென்ன வருகிறது, எவ்வளவு நேரம், எதனால் கூடுகிறது குறைகிறது, எவ்வளவு கடுமை என்ற வரிசை. நல்ல சூத்திரம்தான். ஆனால் அதை நோயாளி பேசி முடித்த பிறகு எடுக்க வேண்டும். வாயைத் திறந்தவுடனே கேள்விகளை அடுக்கினால் அவர் ஆமாம், இல்லை என்று மட்டும் சொல்லப் பழகிவிடுவார். மூட்டைக் கணக்கு வெளியே வராது. முதலில் பேச விடுங்கள். அவர் விட்ட இடங்களைச் சூத்திரத்தால் நிரப்புங்கள். அதன் பிறகு, இல்லாதவற்றைக் கேட்டு எழுதுங்கள். வேர்க்கவில்லை, மயக்கம் இல்லை, படுத்தால் மூச்சு வாங்கவில்லை. எழுதாமல் விட்ட ‘இல்லை’யை, கேட்கவே இல்லை என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

நோயாளி சொல்வது மட்டுமே உயிரைக் காக்கும் கட்டம் ஒன்றுண்டு. அதைக் கட்டுவிரியன் கடியில் கண்டேன். வயல்வேலை செய்யும் பெண். விடிகாலையில் கடும் வயிற்றுவலி, வாந்தி என்று அழைத்து வந்தார்கள். வயிற்றைத் தொட்டால் மென்மை. காய்ச்சல் இல்லை. உடலில் கடித்த தடம் இல்லை, வீக்கம் இல்லை. பாம்பு என்ற சொல்லை யாரும் உச்சரிக்கவும் இல்லை. இரவு டூட்டியில் இருந்த இளம் மருத்துவர் எழுதியிருந்தார்: ‘நேற்று இரவு 10 மணிக்குச் சாப்பிட்டுவிட்டு நலமாகப் படுத்தார். வீட்டுக்குள் தரையில் பாய். 4 மணிக்கு வயிற்றுவலியோடு எழுந்தார். வீட்டில் வேறு யாருக்கும் வாந்தி இல்லை. கண்ணைத் திறக்க முடியவில்லை, தூக்கம் தூக்கமாக வருகிறது என்கிறார். தண்ணீர் விழுங்கச் சிரமம் என்கிறார்.’ அவர் நோயின் பெயரை எழுதவில்லை. டூட்டி மாறி வந்த மருத்துவர் இதைப் படித்த கையோடு நோயாளியின் இமைகளைப் பார்த்தார். தூக்கமில்லை, இமைத் தசை தளர்ந்து தொங்கியது. கழுத்தைத் தூக்கவும் பலமில்லை.

கட்டுவிரியன் இரவில் வரும். தரையில் படுத்தவரைத் தூக்கத்திலேயே கடிக்கும். பல் சிறியது, வலியும் வீக்கமும் இல்லாமலே போகலாம். வயிற்றுவலியில் தொடங்கி, இமை, தொண்டை, மூச்சுத் தசை என்று ஒவ்வொன்றாகச் செயலிழக்கும். ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் 20 நிமிடச் சோதனை இதில் இயல்பாகவே இருக்கும். அந்த விஷம் போவது நரம்புக்கு. அந்தப் பெண்ணுக்கு விஷமுறிவு மருந்து ஏற்றி, வென்டிலேட்டரிலும் வைத்தார்கள். பிழைத்தார். தரையில் பாய் என்ற தகவல் வயிற்றுவலிக்குச் சம்பந்தமில்லாததுபோல் தோன்றியும் அதை எழுதி வைத்த அந்த டாக்டரை வார்டு முழுவதும் கேட்கப் பாராட்டினேன். எது சம்பந்தமுள்ளது என்பது எழுதும் நேரத்தில் எப்போதும் தெரிந்துவிடாது.

யார் சொன்னது என்பதும் எழுத வேண்டிய செய்தி. நினைவு தெளிவாக உள்ளவர் தானே சொன்னதும், கூட வந்த மகன் சொன்னதும், 108 ஆம்புலன்ஸில் வந்தவர் சொன்னதும் ஒரே எடை உடையவை அல்ல. பூச்சிமருந்து குடித்துவிட்டு வருகிறவர்களின் குடும்பம் தண்ணீர் என்று நினைத்துத் தவறிக் குடித்துவிட்டதாகச் சொல்லும். நான் அதை அப்படியே, சொன்னவர் யார் என்ற குறிப்போடு எழுதச் சொல்வேன். அதன் எதிர்ப்பக்கத்தில் நாம் கண்டது வரும். வாயருகே பூச்சிமருந்து வாடை, ஊசிமுனைக் கண்மணி, வழியும் எச்சில், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 50. அட்ரோபின் கொடுக்க இவை போதும். குடும்பத்தின் கூற்று உண்மையா என்று அந்த இரவில் நாம் விசாரிக்க வேண்டியதில்லை. மறுநாள், கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு நோயாளியிடம் தனியாகப் பேச வேண்டும். அவர் சொல்வது அப்போது புதிய தேதியோடும் நேரத்தோடும் குறிப்பில் ஏறும். பழைய வரியை அடிக்கக் கூடாது.

சொன்னதையும் கண்டதையும் பிரித்து எழுதும் ஒழுக்கத்தை எனக்குக் கடுமையாகக் கற்றுத் தந்தது கேஷுவால்டியின் ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர். அடிதடியில் காயம்பட்டு வருபவருக்கு ஏ.ஆர். போடும்போது, ‘இன்ன இடத்தில், இத்தனை மணிக்கு, தெரிந்த இரண்டு நபர்கள் கட்டையால் தாக்கியதாகச் சொல்கிறார்’ என்று அவர் வாக்கு அவருடையதாகவே நிற்க வேண்டும். ‘தாக்கப்பட்டார்’ என்று டாக்டர் எழுதினால், பார்க்காத ஒன்றுக்குச் சாட்சி சொன்னதாகிவிடும். அதன் கீழே காயம்: எந்த எலும்பிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் தள்ளி, நீளம், அகலம், ஆழம், விளிம்பு எப்படி. தலையில் கட்டையால் அடித்தால், அடியில் கெட்டியான எலும்பு இருப்பதால் தோல் நேர்கோடாகப் பிளந்து, கத்தியால் வெட்டியது போலவே தெரியும். லென்ஸ் வைத்து உற்றுப் பார்த்தால் விளிம்பு நசுங்கியிருக்கும், மயிர்க்கால்கள் சிதைந்திருக்கும், காயத்தின் ஆழத்தில் திசு இழைகள் அறுபடாமல் குறுக்கே ஓடும். இதைப் பார்க்காமல் வெட்டுக்காயம் என்று எழுதினால் கட்டை அரிவாளாகிவிடும். வழக்கின் பிரிவே மாறக்கூடும். சம்மன் வருவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும், காயம் ஆறித் தழும்பாகியிருக்கும், டாக்டருக்கு அந்த முகம்கூட நினைவிருக்காது. கூண்டில் ஏறும்போது கையில் இருப்பது அன்று எழுதிய அந்த அரைப்பக்கம்தான்.

இனி கண்டதைப் பற்றி. நோயாளி சொல்லவே முடியாதது ஒன்று அவர் உடம்பிலேயே இருக்கலாம். உண்ணிக்காய்ச்சல் என்று நாம் சொல்லும் ஸ்க்ரப் டைஃபஸ் அப்படிப்பட்டது. புதர்க்காடுகளில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத அளவுள்ள சிற்றுண்ணிக் குஞ்சு கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு உண்டாகும். வலிக்காது, அரிக்காது. அதனால் நோயாளிக்கே தெரியாது. கேட்டாலும் இல்லை என்பார். அக்குள், தொடையிடுக்கு, மார்பின் அடி, அரைஞாண் கயிற்றின் கீழ் என்று துணி மறைக்கிற இடங்களில்தான் பெரும்பாலும் இருக்கும். பத்து நாள் காய்ச்சல், எல்லா டெஸ்டும் எடுத்தாயிற்று, காரணம் தெரியவில்லை என்று ரெஃபர் ஆகி வந்த ஓர் அம்மாவை, ஸ்க்ரீன் போட்டு, சிஸ்டரைப் பக்கத்தில் நிறுத்தி, மேல்துணியை விலக்கிப் பார்த்தோம். இடது மார்பின் அடியில் இருந்தது. டாக்ஸிசைக்ளின் தொடங்கி இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. கூட வந்த கட்டுக் காகிதங்களில் ‘தோல்: இயல்பு’ என்று எழுதியிருந்தது. பார்க்காத இடத்தைப் பற்றி ‘பார்க்கவில்லை’ என்று எழுதியிருந்தால் அடுத்தவர் அங்கே பார்த்திருப்பார். ‘இயல்பு’ என்ற சொல் அந்த வாசலை அடைத்துவிட்டது. பெண் நோயாளிகளை ஆண் மருத்துவர்கள் கூச்சத்தால் பாதி பரிசோதிப்பது நம் ஊரில் அன்றாட நடப்பு. சிஸ்டரைக் கூப்பிட ஒரு நிமிடம் ஆகாது.

எண்களை எழுதுவதிலும் ஒழுங்கு வேண்டும். ஆக்சிஜன் அளவு 96 என்றால், சாதாரணக் காற்றிலா, நிமிடத்துக்கு 6 லிட்டர் ஆக்சிஜன் வைத்தா? இரண்டும் வேறு வேறு நோயாளிகள். மூச்சு எண்ணிக்கையை ஒரு முழு நிமிடம் எண்ணுபவர்கள் அரிது. எல்லார் ஷீட்டிலும் 18 அல்லது 20 என்றே இருக்கும். நிமோனியா முற்றுவதை அந்த எண்தான் முதலில் காட்டும். ‘மந்தமாக இருக்கிறார்’ என்று எழுதினால் எவ்வளவு மந்தம் என்று அடுத்தவருக்குத் தெரியாது. டீஸ்டேலும் ஜென்னட்டும் 1974இல் தந்த கிளாஸ்கோ அளவுகோல் இதற்காகத்தான் இருக்கிறது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, மொத்தம் 15. மொத்தத்தை மட்டும் எழுதாமல் மூன்றையும் தனித்தனியே எழுதச் சொல்வேன். பேச்சு 5லிருந்து 4க்கு இறங்கியதா, அசைவு இறங்கியதா என்பதைப் பொறுத்து அடுத்த அடி மாறும். எல்லாவற்றுக்கும் பக்கத்தில் நேரம். நேரமில்லாத பிபியை இன்னொரு பிபியோடு ஒப்பிட முடியாது.

என் வேலைக்காலம் முழுவதும் நான் சண்டை போட்ட ஒரு சொற்றொடர் ‘வைட்டல்ஸ் ஸ்டேபிள்’. அது கண்டறிந்த செய்தியைப் போலத் தோற்றம் தரும். உண்மையில் அது ஒரு முடிவு. டெங்கு வார்டில் அது ஆளைக் கொன்றுவிடும். கல்லூரி மாணவர் ஒருவர், காய்ச்சல் கண்ட ஐந்தாம் நாள். காலையில் அவருடைய அம்மா முகம் மலர்ந்து, “காய்ச்சல் விட்டுருச்சும்மா, இன்னிக்கு வீட்டுக்கு அனுப்பிடுங்க” என்றார். பையனும், “பரவால்ல மேடம், வயிறுதான் லேசா வலிக்குது” என்றான். குறிப்பில் ‘காய்ச்சல் இல்லை, நலம், வைட்டல்ஸ் ஸ்டேபிள்’ என்று ஏறியிருந்தது. அவன் கையைப் பிடித்தேன். குளிர்ந்திருந்தது. எழுதிய ஹவுஸ் சர்ஜனிடம், “ஏம்மா, ஸ்டேபிள்ங்கிறத எடுத்துட்டு நம்பரைப் போடு” என்றேன்.

காலை 6 மணிக்கு பிபி 110/70. 10 மணிக்கு 100/82. மேல் எண்ணை மட்டும் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. அதனால்தான் ‘ஸ்டேபிள்’ வந்தது. இரண்டு எண்களுக்கும் இடையே காலையில் 40 இருந்தது, இப்போது 18. டெங்குவில் அந்த இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழே சுருங்கினால், ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து நோயாளி ஷாக்குக்குள் போகிறார் என்று பொருள். நாடி 116. நகத்தை அழுத்தி விட்டால் நிறம் திரும்ப 4 வினாடி. ரத்தத்தின் அடர்த்தியைக் காட்டும் பிசிவி முந்தின நாள் 39, இன்று 47. விடிந்ததிலிருந்து சிறுநீர் சொற்பம். இவை எல்லாம் அந்தப் படுக்கையைச் சுற்றியேதான் இருந்தன, எழுதப்படாமல். உடனே சலைன் ஏற்றி, மணிக்கு மணி அளந்து, அவனை மீட்டார்கள்.

இதில் அந்தத் தாயும் பையனும் சொன்னதைத் தவறென்று அடிக்க வேண்டியதில்லை. காய்ச்சல் விட்டது உண்மை. டெங்குவில் ஆபத்து தொடங்குவதே பெரும்பாலும் காய்ச்சல் விடும் நேரத்தில்தான். ‘நலமாக இருப்பதாகச் சொல்கிறார், வயிற்றுவலி உண்டு’ என்பது முதல் பகுதியில் நிற்கட்டும். குளிர்ந்த கையும் 18உம் இரண்டாம் பகுதியில் நிற்கட்டும். இரண்டும் முரண்படுகின்றன என்றால் அந்த முரண்பாடுதான் அன்றைய முக்கியச் செய்தி. இளம் மருத்துவர்களுக்கு முரணைக் கண்டால் பதற்றம். ஒன்றை மற்றதோடு இசைய வைத்து எழுதிவிடுகிறார்கள். வலியென்று கத்துபவருக்கு ஸ்கேன் சரியாக இருந்தால், வலி ‘லேசு’ என்று ஆகிவிடுகிறது. அவர் கடும் வலி என்று சொன்னால் கடும் வலி என்றே எழுதுங்கள். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றால் அதையும் எழுதுங்கள். யார் சரி என்பதை மூன்றாம் பகுதி பார்த்துக்கொள்ளும்.

நடத்தையைப் பற்றிய தீர்ப்புகள் இந்த இரண்டு பகுதிகளிலும் வரக் கூடாது. ‘ஒத்துழைக்க மறுக்கிறார்’, ‘நடிக்கிறார்’, ‘மருந்து ஒழுங்காகச் சாப்பிடாதவர்’ என்று ஒருவர் எழுதிவிட்டால், அடுத்து வருகிற ஒவ்வொரு டாக்டரும் அந்தக் கண்ணாடி வழியாகவே அவரைப் பார்ப்பார். மாத்திரை ஏன் நின்றது என்று கேட்டால், மாத்திரை கொடுக்கும் நாளும் வேலைநாளும் ஒன்று, ஒரு நாள் கூலியை விட முடியவில்லை என்று விடை வரும். அதை எழுதினால் அவரை 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சேர்த்து, வீட்டுக்கே மாத்திரை கிடைக்கச் செய்ய வழி பிறக்கும்.

ஓய்வுக்குப் பிறகு ஒரு தனியார் மருத்துவமனையில் சில காலம் பார்த்தேன். அங்கே எல்லாம் கம்ப்யூட்டர். கையெழுத்துப் புரியாத தொல்லை இல்லை, பழைய ரிப்போர்ட் தேட வேண்டியதில்லை. ஆனால் நேற்றைய குறிப்பை அப்படியே நகலெடுத்து இன்றைய தேதியில் ஒட்டும் வசதியும் சேர்ந்து வந்திருந்தது. இரண்டாம் நாளே எடுத்துவிட்ட சிறுநீர்க் குழாய், டிஸ்சார்ஜ் வரை ஒவ்வொரு நாள் குறிப்பிலும் போட்டபடியே இருக்கும். முன்பு ஹவுஸ் சர்ஜன் கையால் எழுதிய ‘எஸ்1 எஸ்2 பிளஸ்’ இப்போது ஒரு பட்டனில் வந்து விழுகிறது. அங்கே நான் வேலைக்குச் சேர்ந்ததும் என் யூனிட்டில் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். முதல் இரண்டு பகுதிகளை ஒட்டக் கூடாது. ஒவ்வொரு நாளும் படுக்கையருகே போய்ப் புதிதாகத் தட்டச்சு செய்ய வேண்டும், இரண்டே வரியானாலும்.

இப்போது டாக்டரும் நோயாளியும் பேசுவதைக் கேட்டுத் தானே குறிப்பெழுதும் கருவிகள் வந்திருக்கின்றன. லோடுமேனின் மூட்டைக் கணக்கு இனி விடுபடாது என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்தக் கருவிக்குக் காதில் விழுவது மட்டுமே தெரியும். மார்பின் அடியில் இருந்த பொருக்கை யாரும் சொல்லவில்லை. கை குளிர்ந்திருந்ததையும் யாரும் சொல்லவில்லை. அதனால் இப்போது என்னிடம் பயில்பவர்களிடம், பரிசோதிக்கும்போதே கண்டதை வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறேன். “அம்மா, உங்க வலது கால்ல முட்டிக்குக் கீழ வீக்கம் இருக்கு, அமுக்கினா குழி விழுது. இடது கால்ல இல்ல.” கருவி அதைப் பிடித்துக்கொள்ளும். நோயாளிக்கும் தன் உடம்பில் என்ன கண்டார்கள் என்பது அங்கேயே தெரிந்துவிடும்; “அது ரெண்டு நாளாத்தான் டாக்டர், அதுக்கு முன்னால பஸ்ல ராத்திரி முழுக்க உக்காந்துட்டு வந்தேன்” என்று அவர் சொல்லத் தொடங்குவார். அதை முதல் பகுதியில் எழுத வேண்டும்.